இசையும் மனச்சாட்சியும்

'கலை கலைக்காகவே' என்னும் வாதம் இலக்கியத்துறையில் தோல்வியுற்று வெகுகாலமாகிவிட்டது. நாவலும் கவிதையும் சொல்லால் ஆனவை. சொல்லுக்குப் பொருள் உண்டு. பொருள் உண்டெனில் அது யார் சார்பில் நிற்கிறது என்று வினவுவதை எவரும் தடுத்தல் இயலாது. எனினும் அவ்வாதம் முற்றாக மடிந்துவிடவில்லை. அது இறுதியாகத் தஞ்சம் புகுந்திருக்கும் இடம் சொல்லற்ற வாத்திய இசையாகும். "வயலின் எந்த வர்க்கத்தைச் சேர்ந்தது? புல்லாங்குழல் எந்தக் கட்சியில் அங்கத்தவர்? இங்கேனும் உங்கள் சமுதாயப் பார்வையை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வாருங்கள்" என்று நம் நண்பர் சிலர் கேலியாகக் கூறுவதுண்டு. கேலியாயினும் கேள்வி எளிதன்று. மாணவர் இக்கேள்வியைக் கேட்கும்போது ஆசிரியர்களாகிய நாம் பெரும்பாலும் ஏதேனும் ஒரு சூத்திரத்தைக் கூறித் தப்பித்துக்கொள்கிறோம்.

இதனைப் பொதுப்படையாக ஆராய்வதிற் பயனில்லை. குறிப்பிட்ட ஒரு வகை நிகழ்ச்சியை எடுத்துக்கொள்வோம். உலகின் பெரிய வாத்தியக் குழுக்கள் பலவும் அவ்வப்போது வட ஐரோப்பிய இசைக்கென ஒரு மாலைப்பொழுதை ஒதுக்குவது வழக்கம். நோர்வேயின் கிறீக், டென்மார்க்கின் நீல்சன், பின்லாந்தின் சிபேலியஸ் ஆகிய மூவரின் ஆக்கங்களும் அதில் இடம்பெறும். வாசலில் கொடுக்கப்படும் நிகழ்ச்சிக் குறிப்பேட்டில் பனியும் மலையும் ஏரியும் பைன் மரக்காடும் தவறாமல் வருணிக்கப்பட்டிருக்கும். மனிதர் வருவது அரிது. வந்தாலும் மீன்பிடிப்போராகவோ மேய்ப்போராகவோ தூரத்தில் சிறு புள்ளிகளாகத் தெரிவர்.

இவ்வருணனை பொய்யென்று நான் கூறவரவில்லை. அங்கே பனியும் ஏரியும் உண்டு. ஆனால் கச்சேரி மண்டபத்தில் ஒலிக்கும் அந்த இசை பிறந்தபோது அதனைச் சூழ்ந்திருந்த வழக்குகள் எங்கே போயின என்பதே நமது கேள்வி. அவ்வழக்குகளை அறியாமல் அவ்விசையைச் சுவைப்பது குற்றமாகுமா? அறிந்தபின்னும் முன்போலச் சுவைத்தல் இயலுமா?

இசைக்குப் பொருள் உண்டா என்பது பற்றி இரு துருவங்களில் நின்று பேசுவோர் உளர். வியன்னா நகரின் விமர்சகர் எட்வர்ட் ஹான்ஸ்லிக், 1854இல் வெளியிட்ட நூலில், அசைந்து செல்லும் ஒலிவடிவங்களே இசையின் உள்ளடக்கம் என்றும், சோகமும் வீரமும் தேசபக்தியும் கேட்போர் தாமாகச் சேர்த்துக்கொள்வன என்றும் வாதிட்டார். மறு துருவத்தில், 1948இல் மொஸ்கோவில், ஷொஸ்தகோவிச், புரொக்கோபியேவ் முதலியோரின் இசையை மக்கள் விரோத உருவவாதம் என்று ஒரு தீர்மானம் கண்டித்தது. சுரக்கோவையைப் பார்த்தே அதன் வர்க்கச் சார்பை அறிந்துவிடலாம் என்னும் நம்பிக்கை அதன் பின்னால் இருந்தது. பத்தாண்டு கழித்து, 1958இல், அக்கட்சியே அத்தீர்மானத்தின் கண்டனங்கள் பல நியாயமற்றவை என்று திருத்திக்கொண்டது. முற்போக்கு எழுத்தாளர் சிலர் இத்திருத்தத்தைப் பற்றி அதிகம் பேசுவதில்லை, பேசுவது நல்லது.

முதலிற் கிறீக். 1843இல் பேர்கன் நகரிற் பிறந்த எட்வர்ட் கிறீக், இப்ஸனின் வேண்டுகோளுக்கிணங்கி 'பியர் கிந்த்' நாடகத்துக்கு இசையமைத்தார். அந்நாடகம் 1876 பெப்ரவரியில், இன்று ஒஸ்லோ என வழங்கும் கிறிஸ்தியானியாவில், அவ்விசையுடன் மேடையேறியது. சில ஆண்டுகளின் பின்னர் அவ்விசையிலிருந்து நான்கு பகுதிகளைப் பிரித்து, கச்சேரியில் தனித்து வாசிக்கத்தக்க ஒரு தொகுப்பாக அவர் வெளியிட்டார். அதன் முதற்பகுதி 'காலைப்பொழுது'. புல்லாங்குழல் ஓர் எளிய பண்ணைத் தொடங்க, ஓபோ அதனை ஏற்று மறுமொழி கூறும். இரண்டும் மாறிமாறிப் பேசியபின் வயலின்கள் யாவும் ஒருசேர எழுந்து அப்பண்ணைப் பாடும்போது, கதிரவன் மலைமுகட்டுக்கு மேல் வந்துவிட்டான் என்று கேட்போர் எவரும் உணர்வர். உலகெங்கும் பாடசாலைப் பிள்ளைகளுக்கு மேனாட்டு இசையை அறிமுகப்படுத்த முதலில் ஒலிக்கவிடப்படுவனவற்றுள் இதுவும் ஒன்று. நோர்வேயின் நீர்க்கால்களில் விடியும் விடியலாகவே பலரும் இதனை எண்ணிக்கொள்கின்றனர்.

ஆனால் நாடகத்தில் இது நான்காம் அங்கத்தின் முன்னிசை. அந்த அங்கம் தொடங்கும் இடம் நோர்வேயன்று, மொறொக்கோவின் கடற்கரை. திரை உயர்கையில், நடுவயதை அடைந்த பியர் கிந்த் தன் ஐரோப்பிய நண்பர்களுக்கு விருந்தளித்துக்கொண்டிருக்கிறான். தான் பணக்காரனான கதையை அவர்களுக்குப் பெருமையுடன் கூறுகிறான். கரோலினாவுக்கு நீக்ரோ அடிமைகளை ஏற்றியனுப்பினான். சீனாவுக்கு வழிபாட்டு விக்கிரகங்களை ஏற்றியனுப்பினான். பின்னர் மனம் சற்று உறுத்தவே, விக்கிரகங்களோடு கிறித்தவ மதபோதகரையும் அனுப்பிக் கணக்கைச் சரிசெய்துகொண்டான். கிரேக்கர் துருக்கியரின் ஆட்சிக்கெதிராகக் கிளர்ந்தெழுந்துள்ளனர் என்ற செய்தி வந்ததும் நண்பர்கள் விடுதலைப்போர் என்று ஆர்ப்பரிக்கின்றனர். அவனோ, பலமுள்ள பக்கம் துருக்கியர் என்றும், தன் பணத்தை அவர்களுக்கே கடனாகக் கொடுக்கப்போவதாகவும் கூறுகிறான். நண்பர்கள் அவன் கப்பலைத் திருடிக்கொண்டு ஓடுகின்றனர். கப்பல் வெடித்துச் சிதறுகிறது. முதலாளித்துவம் ஒரு மனிதனுள் எவ்வாறு வேரூன்றுகிறது என்பதை இத்தனை சிரிப்போடும் இத்தனை கசப்போடும் காட்டிய காட்சிகள் 19ஆம் நூற்றாண்டு நாடகத்தில் மிகச் சிலவே.

அத்தொகுப்பின் கடைசிப் பகுதியான 'மலையரசன் மண்டபத்தில்' என்பதும் இத்தகையதே. மலைப்பூதங்கள் பியரைத் துரத்தும் காட்சிக்குரிய இசை அது. மெல்லிய காலடிபோலத் தொடங்கி, வேகமும் உரப்பும் ஏறி, இறுதியில் இடியாய் முடிவது. பூதங்களின் உலகில் ஒரே அறநெறி உண்டு: தன்னளவில் தனக்கே போதுமாயிருத்தல். பிறரைப் பற்றிய எண்ணமே இல்லாத இந்தத் தன்னிறைவை இப்ஸன் தம் நாட்டவரின் குறுகிய தேசியப் பெருமைக்கு எதிராகவே தீட்டினார். கிறீக்கும் இதனை நன்கு உணர்ந்திருந்தார். இப்பகுதியைத் தம்மாலேயே கேட்கச் சகிக்கவில்லை என்றும், அதில் மாட்டுச் சாணமும் அளவுகடந்த நோர்வேத்தனமும் நாறுகின்றன என்றும் அவர் 1874இல் நண்பர் ஒருவருக்கு எழுதினார். அக்கிண்டலைக் கேட்போர் உணர்வார்கள் என்று அவர் நம்பினார். நடந்தது வேறு. கிண்டலுக்காக எழுதப்பட்ட இசையே நோர்வேயின் பெருமைக்குச் சின்னமாகிவிட்டது!

இங்கு ஹான்ஸ்லிக்கின் சீடர் எழுந்து நின்று, "பார்த்தீர்களா? அடிமை வியாபாரம் அந்தப் புல்லாங்குழலில் எங்கே இருக்கிறது? காட்டுங்கள்" என்று கேட்பார். நேர்மையாகக் கூறின், காட்ட முடியாது. அந்தச் சுரங்களில் அடிமையும் இல்லை, கரோலினாவும் இல்லை. நாடகத்தை அறியாதவன் எத்தனை முறை கேட்டாலும் அவற்றைக் கண்டுபிடிக்கப்போவதில்லை. ஆகவே அறியாமற் கேட்கும் பிள்ளையை நாம் குற்றஞ்சாட்டுதல் முறையன்று. காலைப்பொழுதின் அமைதியை அப்பிள்ளை உணர்கிறதென்றால், அவ்வுணர்வு மெய்யானதே.

ஆயினும் நாடகத்தோடு சேர்த்துக் கேட்கும்போது அந்த அமைதி வேறொன்றாகிறது. இத்தனை அழகிய விடியல் இத்தகைய ஒருவன் மேலும் விடிகிறதே என்னும் திகைப்பு அதில் உண்டு. இயற்கை யாரையும் விசாரிப்பதில்லை. கதிரவன் அடிமைக் கப்பலின் மேற்றளத்திலும் ஒளிவீசினான். இந்தத் திகைப்பைக் கச்சேரித் தொகுப்பு கழற்றிவிடுகிறது. கழற்றியவர் கிறீக்கே என்பதையும் மறைத்தலாகாது. தம் இசை நாடகக் கொட்டகையை விட்டு வெளியே வந்து வாழவேண்டும் என்று அவர் விரும்பினார், அதில் தவறில்லை. பதிப்பாளருக்கும் அதில் இலாபம் இருந்தது.

நீல்சனைப் பற்றி அதிகம் கூறவேண்டியதில்லை. அவருடைய நான்காவது சிம்பொனியின் பெயர் 'அணைக்கவொண்ணாதது'. 1916 பெப்ரவரியில் கோப்பன்ஹேகனில் அரங்கேறியது. அதன் இறுதிப் பகுதியில் மேடையின் இருபுறத்தும் நிறுத்தப்பட்ட இரு சோடிப் பெருமுரசுகள் ஒன்றையொன்று தாக்குவதுபோல முழங்கும். எதனாலும் அழிக்க முடியாத உயிரின் இச்சையே தமது பொருள் என்றார் நீல்சன். அப்போது ஐரோப்பா முதலாம் உலகப் போரில் எரிந்துகொண்டிருந்தது. டென்மார்க் நடுநிலை நாடு. அதே நகரில், போரிடும் படைகளுக்குக் கீழ்த்தர இறைச்சியைத் தகரத்திலடைத்து விற்றுத் திடீர்ச் செல்வராகிய வணிகர் சிலரும் இருந்தனர். மக்கள் அவர்களை 'கூலாஷ் பிரபுக்கள்' என்று ஏளனம் செய்தனர். அணைக்கவொண்ணாத உயிரும் தகரத்திலடைத்த இறைச்சியும் ஒரே நகரின் ஒரே ஆண்டில் இருந்தன என்பதை மட்டும் குறித்துக்கொண்டு மேலே செல்வோம்.

பின்லாந்து நமது கேள்வியின் மையம். அது 1809 முதல் ருஷ்யப் பேரரசுக்குட்பட்ட தன்னாட்சி நாடாக இருந்துவந்தது. 1899 பெப்ரவரியில் இரண்டாம் நிக்கலஸ் மன்னன் ஓர் ஆணை பிறப்பித்து, பேரரசின் சட்டத்தைப் பின்லாந்துச் சபையின் சட்டத்துக்கு மேலானதாக்கினான். மக்கள் கொதித்தெழுந்தனர். சில நாட்களில் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்டோர் ஒரு விண்ணப்பத்தில் கையொப்பமிட்டனர். பனியில் சறுக்கிக்கொண்டே கிராமம் கிராமமாகச் சென்று அக்கையொப்பங்களைத் திரட்டினர். 500 பேர் கொண்ட தூதுக்குழு அதனை ஏந்திச் சென்றது. மன்னன் அவர்களைக் காணவே மறுத்துவிட்டான். பத்திரிகைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன.

அவ்வாண்டு நவம்பரில் ஹெல்சிங்கியில் பத்திரிகையாளர் ஓய்வூதிய நிதிக்கெனச் சில கொண்டாட்டங்கள் நடைபெற்றன. நிதி என்பது ஒரு போர்வை. பத்திரிகைச் சுதந்திரத்துக்கு ஆதரவு திரட்டுவதே உண்மை நோக்கம். அதில் பின்லாந்தின் வரலாறு அசையாக் காட்சிகளாக மேடையில் நிறுத்தப்பட்டது. அவற்றுக்கு இசையமைத்தவர் சான் சிபேலியஸ். 'பின்லாந்து விழித்தெழுகிறது' என்பது இறுதிக் காட்சி. அக்காட்சியில் யார் யார் நின்றனர் என்பது சுவையானது. நாட்டார் பாடல்களைத் தொகுத்த லொன்றொத் நின்றார். தேசியக் கவி றூனபேர்க் நின்றார். ஆரம்பப் பாடசாலை ஒன்றும் நாட்டின் முதலாவது புகைவண்டியும் இடம்பெற்றன. ருஷ்ய மன்னன் இரண்டாம் அலெக்சாந்தரும் நின்றான்! விடுதலைக் கீதம் என்று பின்னர் உலகறிந்த இசையின் முதல் மேடையில் பேரரசின் பிரதிநிதியே, நல்ல அரசன் என்ற வேடத்தில், மரியாதையுடன் நிறுத்தப்பட்டிருந்தான். ஆலைத்தொழிலாளியும் நிலமற்ற குத்தகைக் குடியானவனும் தமக்கென ஒரு காட்சியைப் பெறவில்லை.

அவ்விறுதிக் காட்சியின் இசையே திருத்தப்பெற்று 'பின்லாந்தியா' ஆயிற்று. பித்தளை வாத்தியங்கள் கனத்த இருளாய் உறுமித் தொடங்கும். மரவாத்தியங்கள் பிரார்த்தனைபோல் மறுமொழி கூறும். பின் போர், வெற்றி. அதன் நடுவே ஒரு பாடல்போன்ற அமைதியான பண். அப்பண் நாட்டார் பாடலென்று பலர் எண்ணினர். முழுவதும் தமது சொந்த ஆக்கமே என்று சிபேலியஸ் கூறவேண்டியதாயிற்று. 1900இல் கயானுஸ் தலைமையில் ஹெல்சிங்கி வாத்தியக் குழு ஐரோப்பியத் தலைநகரங்கள் பலவற்றின் வழியாகப் பாரிஸ் உலகக் கண்காட்சிக்குச் சென்றபோது, இவ்விசையை 'தாய்நாடு' என்ற பெயரிலேயே வாசிக்கவேண்டியிருந்தது. பேரரசுக்குட்பட்ட பிற நகரங்களில் எவ்விதப் பொருளுமற்ற சாதுவான பெயர்களுடன் அது வாசிக்கப்பட்டது. சொல்லே இல்லாத இசைக்குத் தணிக்கை அஞ்சியது. பொருள் இசையில் இல்லை என்னும் தத்துவவாதிகளைவிடத் தணிக்கையாளர் புத்திசாலிகள் போலும்.

இதுவரை கதை இனிமையானது. நாமும் மாணவருக்கு இத்துடன் நிறுத்திக்கொள்வதே வழக்கம்: அடிமைப்பட்ட நாடு, கொடுங்கோல் மன்னன், விடுதலை இசை. ஆனால் 1918 இருக்கிறதே.

1905இன் பொது வேலைநிறுத்தத்தில் பின்லாந்தின் தொழிலாளர் தாமும் ஒரு சக்தியென்று காட்டினர். 1906இல் பெண்களுக்கும் உரிமையளிக்கும் சர்வசன வாக்குரிமை வந்தது. 1907இன் முதற் தேர்தலில் சமூக ஜனநாயகக் கட்சி 200 இடங்களில் 80ஐப் பெற்றது. 1917 டிசம்பரில் நாடு சுதந்திரமடைந்தது. அடுத்த மாதமே உள்நாட்டுப் போர் மூண்டது. ஒருபுறம் தொழிலாளரும் நிலமற்றோரும் சேர்ந்த செஞ்சேனை; மறுபுறம் உடைமையாளரும் சுதந்திர விவசாயிகளும் அடங்கிய வெண்சேனை. வெண்சேனைக்கு ஜேர்மனியப் படை துணை வந்தது. மே மாதத்தில் போர் முடிந்தது. ஏறத்தாழ 31 லட்சம் மக்களைக் கொண்ட நாட்டில் 36,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் செம்படைப் பக்கத்தவர். சிறைமுகாம்களில் அடைக்கப்பட்ட சுமார் 80,000 பேரில் 12,000க்கு மேற்பட்டோர் பசியாலும் நோயாலும் இறந்தனர். ஹெல்சிங்கித் துறைமுகத்துக்கு எதிரேயுள்ள தீவுக் கோட்டையிலும் அத்தகைய முகாம் ஒன்று இருந்தது.

சிபேலியஸ் எந்தப் பக்கம் நின்றார் என்பதில் ஐயமில்லை. ஜேர்மனியிற் பயிற்சி பெற்ற வெண்சேனை வீரருக்காக 1917இல் ஒரு நடைப்பாடலுக்கு இசையமைத்தார். ஆபத்துக் கருதி முதலில் அது அவர் பெயரின்றியே வழங்கிற்று. 1918 பெப்ரவரியில் செஞ்சேனையினர் அவர் வீட்டைச் சோதனையிட்டனர். அவர் குடும்பத்துடன் ஹெல்சிங்கிக்குச் சென்று, மருத்துவராயிருந்த சகோதரரின் மருத்துவமனையில் தங்கினார். செஞ்சேனையினர் வீட்டைச் சோதனையிட்டது அநாகரிகம் என்பாரும் உளர். அச்சமுற்ற ஒரு குடும்பத்தின் துயரை நானும் சிறிதாக மதிக்கவில்லை. ஆனால் கோட்டைத் தீவிற் பட்டினியால் இறந்தவனையும் அதே தராசில் வைத்தல் வேண்டும்.

இப்போது கேள்வி கூர்மையடைகிறது. 1905இல் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளியும் ருஷ்ய மன்னனை எதிர்த்தவனே. 'பின்லாந்து விழித்தெழுகிறது' என்றபோது தானும் விழித்தெழுவதாகவே அவன் கருதியிருப்பான். தொழிலாளர் இல்லங்களில் பித்தளை வாத்தியக் குழுக்களும் பாடற்குழுக்களும் இருந்தன; இசைக்கு அவன் அந்நியன் அல்லன். 1918இன் பின்னர், முகாமிலிருந்து கணவன் திரும்பாத ஒரு பெண் அந்தப் பண்ணைக் கேட்டிருந்தால் அது யாருடைய விடுதலையைப் பாடியது? போரில் வென்றவர்கள் அது ஒரே மக்களின் ஒரே இசை என்றனர். ஆயின் 1920இல் தொழிலாளர் இசைக் குழுக்கள் தமக்கெனத் தனிச் சம்மேளனம் அமைத்துக்கொண்டன. நாடு மட்டுமன்றி, நாட்டின் இசையும் இரண்டாயிற்று.

அப்பண் பின்னர் சென்ற வழிகளைப் பாருங்கள். கிறித்தவ ஆலயங்களில் துன்பத்தில் ஆறுதல் கூறும் கீதமாக அது பாடப்பட்டது. 1940இல், சோவியத் படையுடன் நிகழ்ந்த குளிர்காலப் போரின் பின், கொஸ்கென்னியெமி என்ற பின்லாந்துக் கவிஞர் அதற்கு எழுதிய சொற்களே இன்று நிலைத்துள்ளன. அவர் அடுத்த ஆண்டு நாஸிகள் அமைத்த ஐரோப்பிய எழுத்தாளர் சங்கத்தில் உபதலைவரானார். 1967இல், சிபேலியஸ் இறந்து பத்தாண்டு கழித்து, நைஜீரியாவிலிருந்து பிரிந்த பயாபிரா மக்கள் அதே பண்ணைத் தம் நாட்டுப் பண்ணாக்கிக்கொண்டனர். பசியால் வயிறு வீங்கிய குழந்தைகளின் படங்களை உலகம் பார்த்துக்கொண்டிருந்த அந்நாட்களில், அக்குழந்தைகளின் நாடு சிபேலியஸின் பண்ணிலேயே தன்னைப் பாடிக்கொண்டது. 1970 ஜனவரியில் அந்நாடு இல்லாமற்போயிற்று.

ஒரே பண்ணை வெண்சேனையின் நாடும் பாடிற்று, பயாபிராவும் பாடிற்று. இதனைக் கண்டு ஹான்ஸ்லிக்கின் சீடர் மகிழலாம்: பொருள் வெறும் மேற்பூச்சு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? நான் அவ்வாறு கருதவில்லை. எல்லாரும் எல்லாவற்றுக்கும் அதனைப் பயன்படுத்தவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். திருமண விருந்து நடனத்துக்கு அதனை எவரும் எடுத்ததில்லை. அழுத்தத்திலிருந்து எழுதல் என்னும் ஓர் இயக்கம் அச்சுரங்களில் உண்மையாகவே உண்டு. கேட்போர் அதனைக் கற்பனை செய்யவில்லை. யார் அழுத்தப்படுகிறார், யார் அழுத்துகிறார் என்பதையே சுரம் கூறுவதில்லை. அந்த இடம் வெறுமையாக விடப்பட்டிருக்கிறது. அதனைக் கேட்போரும் வாசிப்போரும் நிகழ்ச்சியை ஒழுங்குசெய்வோருமே நிரப்புகின்றனர். ஆதலின் அப்பெயருக்குப் பொறுப்பாளிகளும் அவர்களே. சிபேலியஸின் வர்க்கச் சார்பைக் காட்டி 'பின்லாந்தியா'வைத் தள்ளிவிடச் சொல்லும் அவசர முற்போக்காளர், பயாபிராத் தாயிடமிருந்து அதனைப் பறிக்க ஆயத்தமா என்று கேட்கவேண்டும். அவ்விசை சிபேலியஸைவிட நல்லதாயிருக்க உரிமையுடையது.

ஆனால் அறியாமை ஒன்று, அறிய மறுத்தல் வேறொன்று. 'காலைப்பொழுதை'க் கேட்டு மகிழும் பிள்ளை அறியாதது. 1918இன் பின் 'ஒரே மக்கள்' என்று கூறிக் கைதட்டியவன் கோட்டைத் தீவை அறிந்திருந்தான். மண்டபத்திலிருந்து சற்றுத் தூரம் நடந்தால் அவன் கண்ணிலேயே அது பட்டிருக்கும். இசை தூய்மையானது என்று அவன் கூறியபோது, உண்மையில் தனக்கே தூய்மையை இரவலாகக் கேட்டான்.

இங்கே மீண்டும் கிறீக்கிடம் திரும்பவேண்டியிருக்கிறது. 'பின்லாந்தியா' பிறந்த அதே 1899இல், இரண்டு மாதம் முன்னதாக, அவர் ஒரு காரியம் செய்தார். பிரான்சில் யூத இனத்தவரான படையதிகாரி டிரைபஸ், பொய்ச்சான்றின்மேல் தேசத்துரோகியெனத் தண்டிக்கப்பட்டிருந்தார். அவ்வாண்டு செப்டெம்பரில் றென் நகரில் நடந்த மறுவிசாரணையிலும், உண்மை ஊரறிந்தபின்னரும், இராணுவ நீதிமன்றம் அவரை மீண்டும் குற்றவாளியெனத் தீர்த்தது. அச்சமயம் பாரிஸின் புகழ்பெற்ற இசை நடத்துநர் கொலொன், தமது கச்சேரியில் வந்து இசை நடத்துமாறு கிறீக்கை அழைத்தார். நீதியை இவ்வாறு இகழ்ந்த நாட்டின் சபையோர் முன் நிற்கத் தம்மால் இயலாது என்று கிறீக் மறுத்தெழுதினார். அவர் அப்போது எழுத்தாளர் பியோர்ன்சனின் இல்லத்தில் விருந்தினராக இருந்தார். அவ்வீட்டு மருமகனின் தூண்டுதலால் அக்கடிதம் ஜேர்மனியப் பத்திரிகையொன்றில் வெளியாயிற்று. வசைக் கடிதங்கள் வந்து குவிந்தன. அவற்றுளொன்றின் உறையில் அவர் யூத இசையமைப்பாளர் என்று விலாசமிடப்பட்டிருந்தது.

இம்மறுப்பில் ஒரு சுரமும் இல்லை. அவர் எழுதிய எந்த இசையும் டிரைபஸைப் பற்றிப் பேசவில்லை. அவர் வாசிக்காதுவிட்ட இசையே பேசிற்று. கச்சேரி என்பது ஒலிகளின் வரிசை மட்டுமே என்றால், கச்சேரி நடவாமைக்கு எவ்விதப் பொருளும் இருக்க முடியாது. பொருள் இருந்தது, பாரிஸ் முழுவதும் அதனை உணர்ந்து சினந்தது.

கிறீக்கை வீரராக்கிவிடவும் நான் விரும்பவில்லை. 1904 ஜூலையில் ஜேர்மனியச் சக்கரவர்த்தி இரண்டாம் வில்லியம் தமது உல்லாசக் கப்பலில் பேர்கனுக்கு வந்தபோது, கிறீக் அவரைச் சந்தித்தார். கப்பலின் வாத்தியக் குழு கிறீக்கின் இசையையே வாசித்தது. சக்கரவர்த்தியின் உபசரிப்பில் அவர் மகிழ்ந்தார். அதே ஆண்டிலேதான் அச்சக்கரவர்த்தியின் படைகள் தென்மேற்கு ஆபிரிக்காவில் ஹெரேரோ மக்களைப் பாலைவனத்துள் விரட்டிக் கொன்றன. அந்தக் கப்பலின் தளத்தில் 'பியர் கிந்த்' இசையும் ஒலித்தது. ஆபிரிக்கக் கரையில் நின்று தன் வியாபாரத்தைப் பெருமையுடன் கூறும் மனிதனைப் பற்றிய நாடகத்தின் இசை!

ஐரோப்பியன் ஒருவனுக்கு இழைக்கப்பட்ட அநீதி அவருடைய உறக்கத்தைக் கெடுத்தது. ஆபிரிக்கர் அவர் கண்ணிற் படவில்லை. ஆகையால் முன்னைய மறுப்பும் வெறும் வேடமே என்று சிலர் முடிவுகட்டுவர். இது சோம்பேறிகளின் தர்க்கம். எல்லா அநீதிகளையும் எதிர்த்தவனே ஓர் அநீதியை எதிர்க்கலாமென்றால் எவரும் எதனையும் எதிர்க்க முடியாது. 1899இல் அவர் செய்தது சரி; 1904இல் அவர் காணத்தவறியது தவறு; ஒன்றைக்கொண்டு மற்றதை அழித்தெழுத வேண்டியதில்லை.

1903 ஏப்ரலில் அவர் பாரிஸ் சென்றார். ஷாத்தலே அரங்கு நிறைந்திருந்தது. அவர் மேடையேறியதும் ஒருபுறம் கைதட்டல், மறுபுறம் சீழ்க்கையும் கூச்சலும் எழுந்தன. பிரான்சை அவமதித்ததற்கு மன்னிப்புக் கேள் என்று கத்தினர். டிரைபஸ் முற்றாகக் குற்றமற்றவரென அறிவிக்கப்பட இன்னும் மூன்றாண்டுகள் இருந்தன. 60 வயதை எட்டிக்கொண்டிருந்த, நோயினால் மெலிந்த, மிகக் குள்ளமான அம்மனிதர், கூச்சலிட்டோர் சிலர் வெளியேற்றப்பட்டு இரைச்சல் அடங்கும்வரை காத்திருந்தார். மன்னிப்புக் கேட்கவில்லை. கோலை உயர்த்தித் தொடங்கினார். முடிவில் கரகோஷம் அரங்கை அதிரச் செய்தது. தூய இசையின் வெற்றி என்று இதனைச் சிலர் எழுதுவர். அரசியல் மறைந்து கலை வென்றதாம். எனக்கோ அந்தச் சீழ்க்கையடித்தவர்கள்மேல் ஒருவகை மதிப்பு உண்டு. அவர்கள் நின்ற பக்கம் இழிவானது. ஆனால் கோலை உயர்த்தும் கையும் கடிதத்தை எழுதிய கையும் ஒன்றே என்பதை அவ்வரங்கில் அவர்கள் மறக்கவில்லை.